உறைந்த ஏரியிலே ஒரு தூண்டில்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் எழுதிய கடிதம் எமக்குக் கிடைத்தபோது, எமது வீட்டு யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கல்லூரியின் அதிபர்களைப் பற்றியும் ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் எழுதுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்த பழைய மாணவர் பலர் உளர். கிறிக்கற் போட்டிகளைப் பற்றி எழுதலாமெனின், நாம் மட்டையைத் தொட்டறியோம். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர் நாம். ஆகவே, முதுமையில் நாம் கற்றுக்கொண்ட ஒரே வித்தையைப் பற்றி எழுதுவதென்று துணிந்தோம். அஃதாவது, கனடா தேசத்தில் உறைந்து கிடக்கும் ஏரியின்மேல் அமர்ந்து, பைக் என்னும் மீனுக்கு எந்த இரையை எந்த முள்ளிற் கோத்து இடுவதென்பது.

இதென்ன விபரீதம், இந்துக் கல்லூரி மலரில் மீன்பிடியா என்று முகஞ் சுளிப்போரும் இருக்கலாம். அன்னாருக்கு நாம் சொல்வது ஒன்றுண்டு. இவ்வித்தையின் முதற்பாடம் எமக்குக் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலேயே கிடைத்தது.

1966ஆம் ஆண்டு. நீர் 4 பாகை சதமளவிலே அதிக அடர்த்தியை அடைகிறது என்பதைக் காட்டும் ஹோப்பின் பரிசோதனை அன்று நடைபெறவிருந்தது. அதற்குப் பனிக்கட்டி வேண்டும். ஆசிரியர் எம்மையும் எமது வாங்கிலிருந்த நண்பரையும் மீன் சந்தைக்குச் சைக்கிளில் அனுப்பினார். மீன் பெட்டிகளுக்குப் போடும் பனிக்கட்டியில் ஒரு துண்டை வாங்கி, உமியிற் புரட்டிச் சாக்கிற் சுற்றிக்கொண்டு வந்தோம். வந்து சேர்ந்தபோது பாதி கரைந்து நண்பரின் காற்சட்டையில் இருந்தது. மீதியில் மீன் மணந்தது. ஆசிரியர் அதனை உடைத்து உப்பிட்டு, உருளைப் பாத்திரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி வைத்தார். கீழ் வெப்பமானி 4 பாகைக்கு இறங்கி அங்கேயே நிற்கும் என்றார். அது 7 பாகையோடு நின்றுவிட்டது. ஆசிரியர் சற்றும் கலங்காது கரும்பலகையில் 4 என்று எழுதினார். நாமும் 4 என்றே எழுதிக்கொண்டோம். "ஆகவே குளிர் நாடுகளில் ஏரிகள் மேலிருந்தே உறையும், அடியில் நீர் நீராகவே இருக்கும், மீன்கள் உயிர் வாழும்" என்று விளக்கி, ஒரு படமும் வரையச் சொன்னார். எமது நண்பர் அப்படத்திற் பனிக்கட்டியை மெல்லிய கோடாகவும், அதன்கீழ் ஒரு மீனை வாயெல்லாம் பல்லாகவும் வரைந்து, தலையில் ஒரு குட்டும் வாங்கினார். அந்தப் பல்லுள்ள மீன் இம்மண்ணுலகில் உண்மையாகவே உண்டென்பது அன்று அவருக்கும் தெரியாது, குட்டியவருக்கும் தெரியாது.

நண்பர் கடற்கரையூரிற் பிறந்தவர். நாமோ தோட்டமும் கிணறுமாய் வளர்ந்த கிராமத்தவர். மாலை வேளைகளிற் படிப்பு நேரத்தைக் களவாடிக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போய் அவரோடு தூண்டில் போடுவோம். தடியுமில்லை, கிடியுமில்லை. தங்கூசி நூல், ஒரு முள், சிறு ஈயக்குண்டு, இறால் துண்டு, இவ்வளவே. நாம் இரை கொத்தும்போதே வெடுக்கென்று இழுத்து மீனைத் தவறவிடுவோம். "அவசரப்படாதை மச்சான். விழுங்க விடு. விழுங்கினாப் பிறகு இழு" என்று அவர் எமக்குச் சொல்லித் தந்தார். அச்சொல் எம் விரல்களிற் பதிந்துபோயிற்று. அதனால் விளைந்த கேட்டைப் பின்னர்க் கூறுவோம்.

நண்பர் 1974இல் கனடா சேர்ந்தார். நாம் 1986இல் வந்து சேர்ந்தோம். முப்பது குளிர்காலங்கள் அவர் எம்மை ஏரிக்கு அழைத்தார். முப்பது முறையும் நாம் மறுத்தோம். பனிக்கட்டியின்மேல் நடப்பதாவது! வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்குள் இருந்து இருந்து அலுத்த பின்னர், 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் அவரோடு புறப்பட்டோம். ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பிரயாணத்திற் சிம்கோ ஏரி உளது; 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. அதன் தென்கோடியில் உள்ள குக் குடா ஆழங் குறைந்தது, களைச்செடிகள் மண்டியது. ஏரியின் மற்றப் பாகங்களுக்கு முன்னதாகவே அது உறைந்துவிடும். களை உள்ள இடத்திற் சிறுமீன்; சிறுமீன் உள்ள இடத்திற் பைக். நாம் போகுமிடம் அதுவே. (இதே ஏரி வடக்கே கூச்சிச்சிங் ஏரியோடு சேரும் ஒடுக்கமான நீர்வழியில், இந்நாட்டுப் பூர்வ குடிகள் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மரக்கம்புகளை நட்டு மீனை மறித்துப் பிடித்தனர். அக்கம்புகளின் எச்சம் நீருக்கடியில் இன்றும் உண்டென்று அறிந்தபோது, எமது கடனீரேரியின் களங்கட்டிகள் கண்முன் வந்தன.)

பனிக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தனியே நடப்பவருக்கு 15 சதமமீற்றர் தடிப்பு வேண்டுமென்பது இந்நாட்டவர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கண்ணாடிபோல் தெளிந்து நீலம் பாரித்த கட்டியே பலமுள்ளது; பால்போல் வெளுத்தது அதிற் பாதி பலமே உடையது. கழுத்தில் இரண்டு கூராணிகளைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். தவறி விழுந்தால் அவற்றைக் குத்திப் பிடித்து ஏறுவதற்கு. முதல் நாள் எமது கால்கள் நடுங்கியது குளிரினாலென்று நண்பரிடம் சொல்லிவைத்தோம். துரப்பணத்தாற் கட்டியைத் துளைத்து, வடையை எண்ணெயிலிருந்து வடித்தெடுக்கும் துளைக்கரண்டி போன்ற ஒன்றினால் துகள்களை அள்ளி எறிந்ததும், கரிய நீர் தெரிந்தது. குனிந்து பார்த்த எமக்கு 7 பாகையில் நின்ற அந்த வெப்பமானியின் ஞாபகம் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஆசிரியர் சொன்னது சரியாகப் போயிற்று.

நிற்க. பைக் என்பது எத்தகைய மீன் என்பதைச் சொல்லாமல் இரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நமது கடலிலுள்ள சீலாவைப் போன்று நீண்ட உடல், பச்சை நிறம், அதன்மேல் வெளிறிய புள்ளிகள், தாராவின் அலகு போலத் தட்டையான வாய். முதுகுச் செட்டை வாலை அடுத்து இருக்கும். களைகளுக்கிடையில் தடிபோல் அசையாது நின்று, இரை அருகில் வந்ததும் அம்புபோற் பாய்வதற்கு ஏற்ற அமைப்பு அது. கீழ்த்தாடையிற் பெரிய பற்கள்; மேலண்ணத்திலோ நூற்றுக்கணக்கான சிறு பற்கள், யாவும் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. உள்ளே போனது திரும்பி வாராது. இரையைக் குறுக்காகக் கௌவி, சிறிது தூரம் ஓடி, நின்று, அதனைத் திருப்பித் தலைப்புறமாக விழுங்கும். இந்த ஓட்டம், நிறுத்தம், திருப்பம் என்னும் மூன்றையும் அறிந்தவனே பைக்குக்குத் தூண்டில் தெரிவு செய்ய வல்லவன்.

இரையை முதலிற் பார்ப்போம். கோடையில் விரைந்து துரத்தும் இம்மீன், குளிர்காலத்திற் சிக்கனக்காரனாகி விடுகிறது. குறைந்த உழைப்பில் நிறைந்த உணவு கிடைக்குமா என்று பார்க்கும். அடியிற் கிடக்கும் செத்த மீனைக்கூடப் பொறுக்கித் தின்னும். ஆகவே உயிருள்ள இரை அவசியமன்று. உயிருள்ள சிறுமீன் வாலை அசைத்து அழைக்குமென்பது மெய்யே. ஆயினும் அதனை உறையாமற் காப்பது பெருந்தொல்லை. அன்றியும், துடிக்கும் மீனை முள்ளிற் கோப்பதற்கு எமக்கு மனம் ஒப்பவில்லை. செத்த இரை மணத்தால் அழைக்கும். கொழுப்புள்ள மீனாயின் அதன் நெய் நீரிற் பரவும். இங்கே சிஸ்கோ என்னும் ஏரிமீன் அதற்கு மிக வாய்ப்பானது. அது கிடையாவிடிற் சக்கர் என்னும் மீன்.

கொழுப்புத்தானே வேண்டும் என்று நாம் ஒரு சாமர்த்தியம் செய்தோம். ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடையொன்றில் உறையவைத்த சூடை மீன் இரண்டு பொதி வாங்கிக்கொண்டு போனோம். நண்பர் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மச்சான், இரைக்கு எந்தெந்த மீன் பாவிக்கலாமெண்டு சட்டப் புத்தகத்திலை பட்டியல் போட்டிருக்கிறாங்கள். இது அதிலை இல்லை. கொண்டுபோய்த் தங்கச்சியிட்டைக் குடு. பொரியல் நல்லாயிருக்கும்" என்றார். பொரியல் நன்றாகவே இருந்தது. அன்று முதல் இரையை இரைக்கடையிலேயே வாங்குகிறோம். 2022ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோ மாகாணத்தை நான்கு இரை வலயங்களாகப் பிரித்திருக்கின்றனர். ஒரு வலயத்தின் இரைமீனை, அது செத்ததாயினும், மற்ற வலயத்துக்குக் கொண்டுபோதல் ஆகாது. தமது வலயத்துக்கு வெளியே மீன்பிடிப்போர் கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டை வைத்திருத்தல் வேண்டும். இரைவாளி நீரை ஏரியிலோ, கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுதலும் குற்றம். அந்நிய மீனும் நோயும் ஒரு நீரிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாதிருத்தற் பொருட்டு இவ்வேற்பாடு. முன்பு இதனை நாம் வீண் கெடுபிடி என்று முணுமுணுத்ததுண்டு; இப்பொழுது முணுமுணுப்பதில்லை.

அளவைப் பற்றிக் கேட்பின், ஒரு சாண் என்போம். விரலளவு இரையிட்டாற் பேர்ச் எனப்படும் சிறுமீன்கள் கொத்தித் தொல்லை தரும். ஒரு சாண் நீள இரையைக் கண்டு பெரிய பைக் அஞ்சுவதில்லை. அது தன் உடலின் மூன்றிலொரு பங்கு நீளமுள்ள மீனையும் விழுங்கக் கூடியது. இரையை முதல் நாளிரவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இளகவிடுதல் நன்று. கல்லாய் உறைந்த மீனில் முள் ஏறாது. செத்த மீனின் வயிற்றுக் காற்றுப்பை அதனை மிதக்கச் செய்து தலைகீழாக்கி விடுதலும் உண்டு. கத்தி முனையால் அதனைக் குத்திவிட்டால் இரை ஒழுங்காக நிற்கும். விலாவில் இரண்டு கீறல் போட்டால் மணம் விரைந்து பரவும். கறிக்கு மீனைக் கீறத் தெரிந்தவர்களுக்கு இதனை நாம் சொல்ல வேண்டியதில்லை. பளபளக்கும் கரண்டி போன்ற தகடுகளைக் குறுந்தடியில் ஆட்டிப் பிடிப்பாரும் உளர். எமது தோள்மூட்டு அதற்கு இடந்தராது.

இனித் தூண்டில். எமது முதல் பிழை நூலில் நேர்ந்தது. மீனுக்குக் கண் கூர்மையென்று கருதி, 8 இறாத்தல் மட்டுமே தாங்கும் மெல்லிய தங்கூசியை வாங்கினோம். ஒரு மீன் பற்றியது, ஓர் இழுப்பு, பின்பு ஒன்றுமில்லை. நூலின் நுனி கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. சீலாவுக்கும் அறக்குளாவுக்கும் தூண்டில் போடும் நமது கடற்றொழிலாளர் முள்ளின்மேல் கம்பி கட்டுவதை நாம் கண்டிருந்தும் மறந்துபோனோம். பல்லுள்ள மீனுக்குக் கம்பி வேண்டும். முள்ளுக்கு மேல் ஓரடி முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு உருக்குக் கம்பி. அதன் மேலே ஒரு சுழல்வளையம். அதற்கு மேல் 30 முதல் 50 இறாத்தல் தாங்கும் தடித்த பின்னல் நூல். இங்கே நூலைக் கையாலேயே இழுக்கிறோம். மெல்லிய நூல் விறைத்த விரலை அறுக்கும், காற்றிலே பறந்து சிக்கிக்கொள்ளும். தடித்த நூல் பனியின்மேல் அடங்கிக் கிடக்கும்.

நூலைத் தாங்குவது கொடித்தூண்டில். இவ்வூரார் இதனை ரிப்-அப் என்பர். துளையின் குறுக்கே கிடக்கும் ஒரு சட்டம். நூற்சுருள் அதன் கீழ்நுனியில் நீருக்குள் இருக்கும். நீருக்குள் இருப்பதனால் அது உறைவதில்லை. மீன் நூலை இழுத்தவுடன் விற்கம்பி விடுபட்டு ஒரு சிறு கொடி மேலெழும்பும். ஓராளுக்கு இரண்டு தூண்டில்களே சட்டத்தில் இடமுண்டு. இரண்டிலிருந்தும் 60 மீற்றருக்குள் ஆள் இருத்தல் வேண்டும். 65 வயது கடந்தோர்க்கு அநுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வயதைக் காட்டும் அரசாங்க அட்டையே போதும். முதுமையினால் எமக்குக் கிடைத்த சலுகைகளில் நாம் மனமார மகிழ்ந்தது இதனையே.

அடுத்தது முள். இதைப் பற்றியே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோமென்று சொன்னாலும் பிழையில்லை.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எமது மகளின் மகனை ஏரிக்கு அழைத்துச் சென்றோம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நண்பருக்கு முழங்காலிற் சத்திரசிகிச்சை நடந்திருந்தபடியால் அவர் வரவில்லை. பேரன் ஆங்கிலத்திலே சிந்திப்பவன். எம்மோடு தமிழிற் பேசுவதற்குச் சொற்களைத் தேடுவான். வீட்டில் அவனுக்கும் எமக்குமிடையே நடைபெறும் சம்பாஷணை பெரும்பாலும் சாப்பிட்டாயா, படித்தாயா என்பதோடு முடிந்துவிடும். ஏரியிலோ அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இதற்கு என்ன பெயர்? தூண்டில். இதற்கு? இரை. இதற்கு? தங்கூசி. அந்தக் கடைசிச் சொல்லில் அவனுக்கு அளவிலா ஆனந்தம்; அதனையே பாட்டாகப் பாடிக்கொண்டு பனியில் உருண்டான். புறப்படுமுன்பே எம்மிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான். "அம்மப்பா, பெரிய மீன் வந்தால் விட்டுவிடுவம். சின்னதைச் சாப்பிடுவம்." ஆகட்டும் என்றோம்.

அன்று நாம் கட்டியிருந்தது ஒற்றை முள். பெரியது. அதிற் சிஸ்கோ மீனை முதுகிற் கோத்துக் களைகளுக்கு மேல் அரை மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டிருந்தோம். பத்தரை மணியளவிற் கொடி எழுந்தது. பேரன் கத்திக்கொண்டு ஓடினான். நூற்சுருள் சுழன்றது, நின்றது. எமது விரல்களோ பண்ணைப் பாலத்துக்குப் போய்விட்டன. அவசரப்படாதே, விழுங்க விடு. "ஏன் இழுக்கேல்லை?" என்று பேரன் கேட்டான். "பொறு ராசா" என்றோம். சுருள் மீண்டும் சுழன்றது. அதன் பின்பே இழுத்தோம்.

மீன் வந்தது. துளையின் வாயை அடைத்துக்கொண்டு அதன் தலை வந்தது. 80 சதமமீற்றருக்குக் குறையாது. ஆனால் முள் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பி தொண்டைக்குள் இறங்கி மறைந்திருந்தது. நாம் சட்டென்று நூலை அறுத்து மீனை நீருள் விட்டிருந்தாலாவது ஒருவேளை பிழைத்திருக்கும். முள்ளோடு விட மனமில்லாமற் குறட்டை உள்ளே விட்டுத் தேடினோம். குறடு குட்டையானது. செவுள் கிழிந்தது, பனியெல்லாம் சிவப்பாயிற்று. இரண்டு முறை நீருக்குள் விட்டுப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு முறையும் வயிறு மேலாகத் திரும்பிற்று. பேரன் ஒன்றும் பேசாமல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து மீனை வெட்டியபோது வயிறு முழுவதும் சினை. இந்த இனத்திற் பெருத்து வளர்பவை பெண் மீன்களே. பனி உருகத் தொடங்கும்போதே கரையோரப் புற்களில் முட்டையிடுபவை. எமது பாரியார் சொதி வைத்தார். கவர்த்த முட்கள் நிறைந்த மீனாயினும் நல்ல ருசியென்று மருமகன் சொன்னார். பேரன் மேசைக்கு வரவில்லை. மறுவாரம் ஏரிக்கு வருகிறாயா என்று கேட்டோம். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று ஆங்கிலத்திற் பதில் வந்தது.

நண்பரிடம் போனோம். அவர் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஆர் உன்னை விழுங்க விடச் சொன்னது?" என்றார்.

"நீதான். பண்ணைப் பாலத்திலை" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அது சட்டிக்குப் பிடிச்ச மீன் மச்சான். விழுங்கினால் நல்லது, தப்பாது. திருப்பி விடவேண்டிய மீனுக்கு அந்தப் பாடம் உதவாது" என்று சொல்லி, மனைவியாரைக் கூப்பிட்டு மேல் அலுமாரியிலிருந்த பெட்டியை எடுப்பித்தார். அன்று மாலை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் நாம் கற்ற பாடம் இதுவாகும்.

ஒற்றை முள்ளுக்குப் பதில் மும்முனை முட்கள் இரண்டு. ஒரே கம்பியில், ஒன்று நுனியிலும் மற்றையது அதற்குச் சில அங்குலம் மேலும். முள் பெரிதாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. 4ஆம் எண்ணோ 6ஆம் எண்ணோ போதும். (முட்களின் கணக்கு தலைகீழானது, எண் கூடக் கூட முள் சிறுக்கும். இதனை அறியாமல் ஒரு முறை நாம் நெத்தலிக்கு ஏற்ற முள்ளை வாங்கி வந்து சிரிப்புக்கு ஆளானோம்.) ஒரு முள்ளின் ஒரு கூரை இரையின் முதுகுச் செட்டைக்கு அருகிலும், மற்றதன் ஒரு கூரைத் தலைக்கு அண்மையிலும் மேலாகக் கோக்க வேண்டும். ஏனைய கூர்கள் வெளியே நிற்கும். இரை கிடையாகத் தொங்கும். நீந்தும் மீன் கிடையாகத்தானே நீந்தும். பைக் இரையைக் குறுக்காகக் கௌவும் என்று முன்னர்க் கூறினோமல்லவா? கௌவிய கணத்திலேயே ஒரு முள்ளாவது அதன் வாய்க்குள் இருக்கும். ஆகவே திருப்பி விழுங்கும்வரை பொறுத்திருக்க வேண்டிய அவசியமேயில்லை. கொடி எழுந்ததும் ஓடு. நூல் எந்தத் திசையிற் போகிறதென்று பார். அதற்கு எதிர்த்திசையில் இழு. முள் தாடை ஓரத்தில் ஏறும்.

முட்களின் பின்கூர்களைக் குறட்டால் நசுக்கி மழுக்கும்படியும் நண்பர் சொன்னார். அப்படிச் செய்தால் மீன் தப்பிவிடாதா என்றோம். "நூல் தளராமல் இழுத்தால் தப்பாது. தளர்ந்தால் தப்பட்டுமே" என்றார். பின்னர், முழங்கை நீளமுள்ள மூக்குக் குறடு ஒன்று. வாயைத் திறந்து பிடிக்கும் விற்கம்பி ஒன்று. முள்ளையே துண்டிக்கவல்ல கம்பிவெட்டி ஒன்று. பெரிய மீனின் தலைக்கு இடங்கொடுக்கும் 10 அங்குலத் துளை. ஈயக்குண்டுகளையும் அவர் எடுத்து ஒதுக்கிவிட்டார். ஒரு டொலர் நாணயத்திற் பொறித்திருக்கும் லூன் பறவை சிறிய ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் சாவதுண்டாம். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயக் குண்டுகளைத் தந்தார். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால், மீனைப் பிடிப்பதற்கான சாமான் பாதி, மீனை விடுவதற்கான சாமான் பாதி என்றிருந்தது. பெட்டி முழுவதையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. இரண்டு கம்பிகளை மட்டும் எண்ணித் தந்தார்.

அடுத்த குளிர்காலம், 2020ஆம் ஆண்டு மாசி மாதம். பேரனை அழைப்பதற்கு நாம் தயங்கினோம். அழைக்காமல், ஒரு ஞாயிறு மாலை அவன் வீட்டுக்குப் போய், மேசையில் அந்தக் கம்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு கறிமிளகாயை மீனாக வைத்துக் கோக்கத் தொடங்கினோம். அவன் தூர இருந்து பார்த்தான். பிறகு அருகில் வந்து, ஏன் இரண்டு என்று கேட்டான். கையால் மீன்வாய் போலக் காட்டி விளக்கினோம். குறட்டை எடுத்து, பின்கூர்களை ஒவ்வொன்றாக அவனே நசுக்கினான். ஆறு கூர், ஆறையும் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றான். அந்தச் சனிக்கிழமை காரிற் பின்னிருக்கையில் அவனும் இருந்தான்.

காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. குளிர் 11 பாகை பூச்சியத்துக்குக் கீழ். வெந்நீர்ப் போத்தலிற் கொண்டுபோன மல்லித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒன்றரை மணிக்குக் கொடி எழுந்தது. இம்முறை அவன் ஓடினான்; நாமும் எமக்கியன்ற அளவில் ஓடினோம். சுருள் சுழன்றுகொண்டிருந்தபோதே "இழுங்கோ அம்மப்பா, இழுங்கோ!" என்று கத்தினான். விரல்கள் பழைய வழக்கப்படி ஒரு கணம் பொறுத்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்பு இழுத்தோம். பாரம். அது நூலைப் பறித்துக்கொண்டு ஓட, நாம் விட, மீண்டும் இழுக்க, நான்கு முறை அவ்வாறு நடந்தது. துளையில் தலை தெரிந்தது. முள் தாடையின் வலப்புற ஓரத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி இருந்தது.

மீனை முழுவதும் வெளியே எடுக்கவில்லை. அந்தக் குளிரிற் கண்ணும் செவுளும் நொடிப்பொழுதில் உறைந்துபோகும். தலையை மட்டும் நீருக்கு மேல் பிடித்துக்கொண்டோம். பேரன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நீண்ட குறட்டை எடுத்தான். ஒரு திருகல், முள் கழன்றது. பைக் உடனே போகவில்லை. எமது கைக்குள் நின்று செவுளை இரண்டு மூன்று முறை திறந்து மூடிற்று. பின்னர் வாலை ஒரு வீச்சு வீசி, எமது முகத்தில் நீரைத் தெளித்துவிட்டுக் கீழே போயிற்று. மீசையில் நீர் உறைந்ததைப் பார்த்துப் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றிரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நீளம் எவ்வளவு என்று கேட்டார். அளக்கவில்லை என்றோம். "அளக்காத மீனை நான் நம்பமாட்டன்" என்றார். பேரன் தொலைபேசியை வாங்கி, தூண்டில், இரை, கம்பி, முள், தங்கூசி என்று தெரிந்த சொற்கள் யாவற்றையும் கொட்டி அவருக்கு விவரித்தான். அவனுடைய தமிழைப் பொறுமையாகக் கேட்டு முடித்த நண்பர், கம்பிகள் இரண்டையும் கழுவித் துடைத்துத் திருப்பித் தரும்படி எமக்குச் சொல்லச் சொன்னாராம். நாம் இன்னும் கொடுக்கவில்லை.